கொடிக்காலில் செருப்பு

அன்று வெள்ளிக்கிழமைதானா என்பதில் அவளுக்கு இப்போதும் சந்தேகம். மழை தூறியதாக ஒரு ஞாபகம். வெயில் அடித்ததாகவும்.

இமையை இழுத்த விரல் மட்டும் மறக்கவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு வெள்ளை.

"மண்ணு திங்கணும்னு தோணுதா?"

அவள் தலை குனிந்தாள்.

மோட்டார் ரூம் சுவரைச் சுரண்டித் தின்றபோது மாமியார் பார்த்துவிட்டாள். மண்தின்னி என்றாள். வெற்றிலை கிள்ள நின்றால் மூச்சு வாங்குகிற சோம்பேறி என்றாள். சேலைகளை மூட்டை கட்டியாயிற்று. தாய்வீட்டுக்கு அனுப்ப நாளும் பார்த்தாயிற்று.

மலத்தைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். கொக்கிப்புழு. வெறுங்கால் வழியாக ஏறும். குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ரத்தம் வற்றினால் சிலருக்கு மண் கேட்கும்.

பேய் இல்லை.

புத்திக் கோளாறு இல்லை.

சோம்பல் இல்லை.

மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு கடைவீதிக்குப் போனாள். ரப்பர் செருப்பு வாங்கினாள்.

கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. வெற்றிலைக்கொடி மகாலட்சுமி. வாசல் படலுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள்.

அவள் கழற்றவில்லை.

"அடியே, கொடி கருகிப் போயிரும்டி!" மாமியார் படலை மறித்து நின்றாள். "மண்ணைத் தின்னது பத்தாதுன்னு மகாலட்சுமியை மிதிக்க வந்துட்டியா?"

அவள் புருஷன் பவுன்ராசு அகத்தி மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னும் கத்த மாமியார் வாயைத் திறந்தாள். மூச்சு இரைத்தது. படலைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இரைப்பு அவளுக்குத் தெரியும்.

கிட்டே போனாள். கையை நீட்டினாள். மாமியாரின் கீழிமையை இழுத்தாள்.

பார்த்தாள்.

அங்கேயும் சுண்ணாம்பு வெள்ளை.

"அத்தை, உங்களை எந்தத் தாய்வீட்டுக்கு அனுப்புறது?"

மாமியாரின் கை படலிலிருந்து நழுவியது.

செருப்புச் சத்தம் கொடிகளுக்கு நடுவே நடந்து போயிற்று.

அந்த வருஷம் ஒரு வரிசைக் கொடி அழுகியது. செருப்பால்தான் என்றது ஊர். டாக்டரம்மா மாற்றலாகிப் போனார். பவுன்ராசு இன்னமும் வெறுங்காலோடுதான் நுழைகிறான். கொடுத்தால் மாத்திரை தின்கிறான். சேலை மூட்டையை அவளே பிரித்தாள். இரண்டு பிள்ளை பெற்றாள்.

மாமியாரும் மாத்திரை தின்று நெடுநாள் இருந்தாள். சாகும்வரை அவளோடு பேசவில்லை.

காரியம் முடிந்து மாமியாரின் கட்டிலை நகர்த்தினார்கள். அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. தேய்ந்திருந்தது. கொடிக்கால் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.