ஊருக்குள்ள ஒரு சொட்டு

"ஒரு சொட்டு. ஊருக்குள்ள ஓட்ட, இந்த ஒரு வருஷத்துல ஒரு சொட்டு பெட்ரோல் எரிக்கல" என்றான் செழியன், மனைவி சிந்துஜா பிடித்திருந்த செல்போனைப் பார்த்து.

'பச்சைப் பொய்' என்று பல்லைக் கடித்தாள் ரேவதி. கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். கடையில் உப்பு வாங்கி வருவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

செழியன் பக்கத்து வீட்டுக்காரன். கார்களைப் பற்றி வீடியோ போடுகிறவன். அவன் வாங்கியது இரண்டு வகையிலும் ஓடுகிற கார். வீட்டில் பிளக் போட்டு சார்ஜ் ஏற்றினால் கரண்டில் ஓடும். சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். அது வந்து நின்ற முதல் நாளே ரேவதியின் 'இட்லி மாவு கிடைக்கும்' போர்டை மறைத்தது. அன்று போட்ட சண்டையோடு பேச்சு நின்றது.

காருக்கு இன்று ஒரு வயது. அதற்காக நேரலை. வேங்கிக்கால் தெருவே திரண்டிருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும். டிவி இல்லை, ஃபேன் இல்லை, எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் ரேவதி வீட்டுக் கிரைண்டர் மட்டும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அதில் அவளுக்கு ஒரு பெருமை. பன்னிரண்டு வருஷ இன்வர்ட்டர், கரண்ட் போனால் நாள் பூரா இழுக்கிறது. நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் எட்டு கடைகளுக்கு மாவு போக வேண்டும். ஊறிய அரிசி மூன்று அண்டாவில் காத்திருந்தது. கணவர் சக்கரபாணி முழங்கை வரை மாவோடு உள்ளே அரைத்துக்கொண்டிருந்தார்.

செழியனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு தடவை சார்ஜ் போட்டால் மலையை நாலு சுற்று சுற்றலாமாம். "சத்தமே வராதுங்க. அடி அண்ணாமலைல ரோட்டுல படுத்திருந்த மாடு, பம்பர் பக்கத்துல போயும் எழுந்திரிக்கல. நான்தான் எறங்கி எழுப்பினேன்."

தெரு சிரித்தது. செல்போனில் நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குறையையும் மறைக்கவில்லை. பேட்டரி இடத்தைத் தின்றுவிட்டதால் டிக்கி சின்னது, இரண்டு பெட்டிக்கு மேல் கொள்ளாது என்றான். "உண்மையச் சொல்லலைனா நாளைக்கு எவன் நம்மள நம்புவான்?"

அவன் வாய் மூடவில்லை, நின்றிருந்த கார் தானாக உறுமியது. என்ஜின் ஓட ஆரம்பித்தது.

"இன்னாப்பா, காரே பதில் சொல்லுது" என்றார் எதிர்வீட்டு முருகவேல்.

ரேவதி காத்திருந்தது இதற்குத்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆறு மாசமாப் பார்க்கிறேன். கரண்ட் கட்டான அன்னிக்கெல்லாம் இந்த வண்டி நின்ன எடத்துல பெட்ரோல் குடிக்குது. இதோ பாருங்க ஒயரு." காரின் பின்பக்கத்திலிருந்து ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று செழியன் வீட்டு கேட்டுக்கு அடியில் நுழைந்து உள்ளே போயிருந்தது. "தெருவே விசிறிக்கிட்டு உக்காந்திருக்குது. இவரு வீட்ல இந்தக் காரு குடுக்கிற கரண்ட்ல ஏசி ஓடுது. கேட்டா ஒரு சொட்டு எரிக்கலையாம்."

செழியன் முகம் சுண்டியது. சென்னையிலிருந்து இன்று காலைதான் வந்தது, சார்ஜ் முழுசாக ஏறுவதற்குள் கரண்ட் போய்விட்டது, இருந்ததும் இப்போது தீர்ந்துவிட்டது, அதனால்தான் என்ஜின் ஓடுகிறது என்றான்.

"வண்டிதான் நிக்குதே. யாருக்காக ஓடுது?"

செல்போன் திரையில் 'ஏமாற்று வேலை', 'இவனை நம்பியா கார் வாங்குறது' என்று வரிகள் ஓட ஆரம்பித்தன. "சொல்லிடுங்களேன்" என்றாள் சிந்துஜா மெதுவாக. செழியன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"என்னத்தைச் சொல்றது? யோக்கியன்னா என்ஜினை நிறுத்து பார்ப்போம்" என்றாள் ரேவதி.

"இப்ப முடியாதுக்கா. அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்ததும் நிறுத்திடறேன்."

"ஏன், அதுவரைக்கும் வேர்க்காம இருக்கணுமா? என் வீட்டுப் பழைய இன்வர்ட்டருக்கு இருக்கிற ரோஷம் உன் புதுக் காருக்கு இல்லையே தம்பி."

"அக்கா, அதைத் தொடாதீங்க."

அவன் தடுப்பதற்குள் காரின் பின்னால் குனிந்து ஒயரைப் பிடுங்கினாள்.

என்ஜின் ஒரு தடவை செருமி அடங்கியது. யாரோ கை தட்டினார்கள். ரேவதி வெற்றியோடு நிமிரப் பார்த்தாள். ஆனால் தெரு அளவுக்கு மீறி அமைதியாக இருந்தது. காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு சத்தம் காணாமல் போயிருந்தது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

சக்கரபாணி மாவுக் கையோடு வெளியே ஓடி வந்தார். காரின் பின்னால் குனிந்திருந்தவள் அவர் கண்ணில் படவில்லை.

"செழியன் தம்பி, ஒயரு கழண்டுடுச்சு போலக்குது. எங்க கிரைண்டரு நின்னுடுச்சு. உப்பு வாங்கப் போனவ வர்றதுக்குள்ள மாட்டிவிடுப்பா. இன்வர்ட்டர் செத்து ஆறு மாசமாச்சு, உன் கரண்ட்லதான் ஓடுதுன்னு தெரிஞ்சா, ரோஷத்துல அத்தனை மாவையும் கொட்டிடுவா."