அசராத செல்கள்

"காலையிலேர்ந்து பம்ப் வச்சு இவ்வளவு வேகமா திரவத்தைப் பாய்ச்சுறேன். ஒரு செல்கூட அசரல!" ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தபடியே, ஆராய்ச்சியாளர் போனில் மனைவியிடம் துள்ளினார்.

"அதுங்ககிட்ட நீங்களும் கத்துக்கோங்க" என்றாள் மனைவி.

உதவியாளர் தயங்கினாள். "சார், பம்ப் ஓடவே இல்ல. யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்காங்க."

"எந்த அறிவுகெட்டவன்? இன்னைக்கே அவன் சீட்டைக் கிழிக்கிறேன்!"

"டென்ஷன் ஆகாதீங்க! நான் வாங்கித் தந்த கழுத்து மசாஜரை மாட்டிக்கோங்க" என்று போனில் மனைவி பதறினாள்.

"காலையிலேர்ந்து மாட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றவர், கழுத்திலிருந்து போன ஒயரைக் கண்ணால் தொடர்ந்தார். அது பம்ப்புக்கான பிளக் பாயிண்டில் போய் முடிந்தது.

குரலைத் தாழ்த்தி உதவியாளரிடம் சொன்னார்: "போனாப் போகுது, விடும்மா. பாவம், பிள்ளைகுட்டிக்காரன்."