கிழிசல் மூட்டை

நீவெஸ் அன்றும் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அதுவும் கிழிந்த மூட்டைக்கு.

அக்டோபர் மாதம். இத்தாலியின் வடக்கே, கார்னியா மலையிலிருந்து இறங்கிய மூடுபனி, ஜில்தோவின் கிடங்கு வாசல்வரை வந்து நின்றிருந்தது. உள்ளே பெல்லட் மூட்டைகள் கூரையைத் தொட்டன. மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் கனமுள்ள குச்சிகள். கணப்பு அடுப்பில் நிரப்பிவிட்டால் விடியும்வரை வீடு கதகதவென்று இருக்கும். தேவதாரு வாசனையில் கிடங்கே தூங்குவது போலிருந்தது. வரிசையில் நின்ற எங்களுக்கும் பாதித் தூக்கம். நீவெஸின் குரல் மட்டும்தான் விழித்திருந்தது.

"ஒரு யூரோ குறைச்சுக்கோ ஜில்தோ."

"கிழிசல்னுதானே பாதி விலைக்குத் தரேன். அதுலயும் குறைக்கணுமா?"

"எவ்வளவு கொட்டிப் போச்சோ, யாரு கண்டா? உன் வண்டிக்குக் கொம்பு முளைச்சிருக்கு. நீ அதை ஓட்டறியா, இல்ல அது உன்னை ஓட்டுதா?"

வரிசை சிரித்தது. மூட்டை தூக்கும் வண்டியை ஜில்தோதான் ஓட்டுவான். அதன் இரும்புக் கை வாராவாரம் சில மூட்டைகளைக் குத்திக் கிழித்துவிடும். ஊரில் அவனுக்குக் 'குருட்டு ஜில்தோ' என்றே பெயர்.

நீவெஸ் பையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்தாள். குழாயில் தண்ணீர் பிடித்து, கிழிசல் வழியாக ஒரு குச்சியை உருவிப் போட்டாள். மட்டமான சரக்கென்றால் மிதக்கும். இது கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. அப்படியும் அவள் பேரத்தை விடவில்லை.

எனக்குப் பின்னால் நின்ற ரொட்டிக் கடைக்காரன் முணுமுணுத்தான். "விட்டா, மூட்டையைத் தைக்கக் கூலியும் கேப்பா இந்தத் தையல்காரி."

கடைசியில் எப்போதும் போல நீவெஸ்தான் தோற்றாள். பாதி விலையைக் கொடுத்துவிட்டு முனகிக்கொண்டே வெளியே வந்தாள். அவள் வீடு நான் போகிற வழிதான். மூட்டைகளை என் காரில் ஏற்றிக்கொண்டேன்.

அவள் கணவன் சிஸ்தோ அடுப்புக்குப் பக்கத்திலேயே கட்டிலில் கிடக்கிறான். கல் குவாரித் தூசி அவன் நெஞ்சைத் தின்றுவிட்டது. போன குளிர்காலத்தில் அவள் எங்கோ மலிவாகக் கிடைத்த பெல்லட்டை வாங்கி எரித்தாள். அடுப்பின் கண்ணாடி கரி பிடித்து, அறையில் புகை கட்டி, அவன் இருமிய இருமல் தெருவுக்கே கேட்டது. இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனால் ஆள் தாங்கமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு, மாதா கோயில்காரர்கள் நல்ல மூட்டைகளாக இரண்டைக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தார்கள். அவற்றைச் சறுக்குவண்டியில் இழுத்துக்கொண்டு போய்க் கோயில் படியிலேயே வைத்துவிட்டு வந்தவள் அவள்.

எனக்கு ஜில்தோ மேல்தான் கோபம். கிழிந்த மூட்டையில் ஈரம் ஏறினால் குச்சியெல்லாம் ஊதித் தவிடாகிவிடும். மேலே நல்லதாக இருந்து அடியில் ஊதியிருந்தால்? அவன், நீவெஸ், நான் மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவள் தலையில் போயா கழிசலைக் கட்டுவது?

மூட்டைகளை இறக்கிய பிறகுதான் தொப்பியைக் கிடங்கில் மறந்தது நினைவு வந்தது. திரும்பப் போனேன். மதிய இடைவேளை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன்.

மூட்டை தூக்கும் வண்டி மூலையில் நின்றது. அதன் இருக்கையில் பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

ஜில்தோ உயர்தரச் சரக்கு அடுக்கின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, பாலாடைக்கட்டி வெட்டித் தின்றுகொண்டிருந்தான். தின்று முடித்ததும் கத்தியைக் கால்சட்டையில் துடைத்தான். ஒரு மூட்டையை மடியில் சாய்த்து, ஒரு குச்சியும் கொட்டாதபடி, மேல் ஓரமாக உள்ளங்கை அகலத்துக்குக் கீறினான். கீறிய விளிம்பைக் கட்டைவிரலால் கசக்கிக் கிழிசல் மாதிரி ஆக்கினான். கொஞ்சம் தள்ளி வைத்து அழகு பார்த்தான். பிறகு அதைக் கிழிசல் அடுக்கில் சேர்த்துவிட்டு, அடுத்த மூட்டையை எடுத்தான்.

தொப்பியை எடுக்காமலே வந்துவிட்டேன். வழியெல்லாம் மூடுபனி. காரை நான் ஓட்டினேனா, அது தானாக மிதந்து போனதா தெரியவில்லை.

சாயங்காலம் நீவெஸ் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் தீ தேன் நிறத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சிஸ்தோ இருமாமல் தூங்கினான். அவள் தரையில் உட்கார்ந்து கிழிசலுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பார்த்ததைச் சொல்லக் கூடாது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன். சொன்னால் நாளைக்கே மூட்டைகள் கிடங்கு வாசலுக்குப் போய்விடும். பேரத்தை மட்டுமாவது நிறுத்தச் சொல்லலாம்.

"இனிமே ஜில்தோகிட்ட மல்லுக்கட்டாதே நீவெஸ். பாவம் அவன்."

அவள் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

"நீயும் பாத்துட்டியா?"

அவள் கிழிசலை விரலால் தடவினாள்.

"முப்பது வருஷம் துணி வெட்டினவ நான். எது கிழிஞ்சது, எது வெட்டினதுன்னு எனக்குத் தெரியாதா? எனக்காக ஊர்கிட்ட குருடன்னு பேர் வாங்கிட்டு நிக்கறான்."

"தெரிஞ்சுமா ஒரு யூரோவுக்கு அவனை அந்தப் பாடு படுத்தறே?"

"என்னைக்காவது ஜெயிச்சிருக்கேனா?"

சிஸ்தோவின் போர்வையை இழுத்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் பேசாம வாங்கிட்டு வந்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடுமே. அப்புறம் அவன் எந்த முகத்தோட குடுப்பான், நான் எந்த முகத்தோட வாங்குவேன்?"