இணைப்பு கிடைத்தது

"முதல் எழுத்து பெருசு மேடம். மத்ததெல்லாம் சின்னது. கடைசியில ஒரு புள்ளி. புள்ளியை விட்டுட்டீங்களா?"

"விடல. திரும்பத் திரும்பப் போட்டுட்டேன். தப்புன்னே சொல்லுது."

விடுதியின் வரவேற்பு மேசைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளுடைய போனை எட்டிப் பார்த்தார். விடுதியின் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு பூட்டுப் படம். அதற்குக் கீழே சிவப்பில், 'கடவுச்சொல் தவறு'.

"மேனேஜர் மாத்திட்டார் போலிருக்கு. மாத்துவார், எங்ககிட்ட சொல்ல மாட்டார். கேட்டா பாதுகாப்புங்கிறார். வர்றவங்க எல்லாம் என் தலையைப் போட்டு உருட்டுறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பார்வை கண்ணாடிக் கதவின் மேலேயே இருந்தது. வெளியே ஒரு கார் மெதுவாகி, பிறகு வேகமெடுத்துப் போனது. அது போன பிறகுதான் மூச்சு விட்டாள்.

"அவ்வளவு அவசரமா மேடம்?"

"எங்க அக்காவுக்கு லொகேஷன் அனுப்பணும். அவதான் வந்து கூட்டிட்டுப் போகப் போறா. நான் எங்க தங்கியிருக்கேன்னே அவளுக்குத் தெரியாது."

"ஒரு போன் போட்டுச் சொல்லிடலாமே?"

"சிம் இல்ல. தொலைஞ்சு போச்சு."

"அடடா. இந்தாங்க, இதுல பேசுங்க." மேசைமேல் இருந்த லேண்ட்லைனை அவள் பக்கம் நகர்த்தினார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். அப்போதும் யாரும் எடுக்கவில்லை.

"தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டா" என்று ரிசீவரை வைத்தாள். பார்வை மறுபடி கண்ணாடிக் கதவுக்கே போனது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வேலைக்கு இன்டர்வியூவா மேடம்? முகத்துலயே தெரியுது. எங்க பொண்ணும் இப்படித்தான். இன்டர்வியூன்னா முதல் நாளே சோறு இறங்காது. போய்ட்டு வந்தப்புறம் பார்த்தா, 'இதுக்காப்பா இவ்வளவு பயந்தேன்'னு சிரிக்கும்."

அவள் பொதுவாய்த் தலையை ஆட்டினாள்.

"நீங்க ரூம்ல போய் உட்காருங்க. நான் மேனேஜரைப் பிடிச்சு, மோடத்தையும் ஒரு தடவை அணைச்சுப் போடறேன். சரியானதும் இன்டர்காம்ல கூப்பிடறேன்."

அறை முதல் மாடியில், போர்ட்டிகோவுக்கு நேர் மேலே இருந்தது. உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டாள். உட்கார்ந்தாள். எழுந்து போய்த் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். கட்டிலின்மேல் வைத்த பை அப்படியே கிடந்தது. திறக்க மனம் வரவில்லை.

போனைத் தூக்கிப் பிடித்தபடி அறை முழுக்க நடந்தாள். திரைச்சீலை ஓரம், குளியலறை வாசல், நாற்காலிமேல் ஏறி நின்று உத்தரத்துக்குப் பக்கத்தில். பெயர்கள் வந்து வந்து மறைந்தன. பக்கத்துப் பல் மருத்துவமனை, எதிர்ப்புற டிரைவிங் ஸ்கூல், மாடி வீட்டுக்காரர் யாரோ. எல்லாவற்றின் பக்கத்திலும் ஒரு பூட்டு.

தண்ணீர் குடிக்கப் போனாள். பாதி புடவையில் கொட்டியது. கீழே கார் கதவோ கடைக் கதவோ ஏதாவது சாத்தப்படும் ஒவ்வொரு தடவையும் தாழ்ப்பாளைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா இந்நேரம் பஸ் நிலையத்தில் அலைந்துகொண்டிருப்பாள். தங்கையைக் காணோமே என்று திரும்பிப் போய்விட்டால்?

போன் கையில் அதிர்ந்தது.

திரையின் மூலையில் இணைப்புக் குறி முழுசாய் நிறைந்திருந்தது. அக்காவின் செய்திகள் அடைமழையாய்க் கொட்டின. 'எங்கடி இருக்கே?' 'இறங்கிட்டியா?' 'ஒரு வார்த்தை சொல்லு. உயிரே போகுது.'

அவசர அவசரமாய் லொகேஷனை அனுப்பினாள். போய்ச் சேர்ந்துவிட்டதற்கான அடையாளம் வந்தது. உடனே பதிலும் வந்தது. 'பார்த்துட்டேன். பக்கத்துத் தெருவுலதான் நிக்கிறோம். மாமாவும் கூட இருக்கார். இதோ வந்துட்டோம்.'

அவள் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்டர்காம் மணி அடித்தது.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணே. கிடைச்சிடுச்சு. அக்கா வந்துட்டே இருக்கா."

"கிடைச்சிடுச்சா? எப்படி மேடம்?" மேசைக்காரர் குரலில் குழப்பம். "மோடத்தை இன்னும் நான் போடவே இல்லையே. மேனேஜர் வந்தாத்தான் ஆகும்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள். எந்த இணைப்பு என்று தேடினாள். விடுதியின் பெயர் இல்லை. பல் மருத்துவமனையும் இல்லை. 'நான்தான்' என்று இருந்தது.

"அண்ணே..." ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "வாசல்ல கார் ஏதாவது நிக்குதா?"

"ஆமா, ஒரு கார் இப்பத்தான் வந்துச்சு. இன்னும் யாரும் இறங்கல. உங்க அக்காவா?"

"இல்ல. முன் கதவைப் பூட்டிடுங்க அண்ணே. உடனே பூட்டுங்க."

காரில் பாட்டு ஓடுவதற்காக எந்நேரமும் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தே வைத்திருப்பவன், அதற்கு விளையாட்டாய் 'நான்தான்' என்று பெயர் வைத்தவன், அவளுடைய கணவன். யாருடைய அடிக்குப் பயந்து நேற்று சிம்மை உடைத்துப் போட்டுவிட்டு வீட்டை விட்டு ஓடி வந்தாளோ, அவனுடைய போனோடு, பழகிய பழக்கத்தில், அவளை ஒரு வார்த்தை கேட்காமலே போய் ஒட்டிக்கொண்டிருந்தது அவளுடைய போன்.