சம்பந்தி வீட்டுச் சுவர்

"இந்தக் காலத்துல பாசத்துக்கு எவன் வர்றான்? காத்துக்கும் நிழலுக்கும்தான் வர்றாங்க. பெத்த பொண்ணே அப்படித்தான்" என்றார் பெரியவர்.

மகள் துணிகளைப் பையில் அடுக்கினாள். கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் தாத்தா வீட்டில் இருக்கலாம் என்று வந்த பேத்தி, இரண்டே நாளில் கழுத்து முழுக்க வேர்க்குருவோடு புறப்படுகிறாள். அதுவும் எங்கே? நாலு தெரு தள்ளி, இன்னொரு தாத்தா வீட்டுக்கு. பெரியவருக்கு எரிந்தது அதுதான்.

"குழந்தை தூங்கவே இல்லப்பா. நம்ம மேற்குச் சுவரு விடியிற வரைக்கும் சுடுது. அங்க சுவர் முழுக்கக் கொடி. ஃபேன் போடாமலே தூங்குவா."

"குளிராம என்ன செய்யும்? எல்லாருக்கும் ஐஸ் வைக்கிற ஆளாச்சே உன் மாமனார்."

கொண்டுபோய் விடும் சாக்கில் அவரும் கூடப் போனார். போகாமலே இருந்திருக்கலாம். சம்பந்தி வீட்டு மேற்குச் சுவரில் காரை ஓர் அங்குலம்கூடத் தெரியவில்லை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கம்பி இழுத்து, அதில் கொடியை ஏற்றி, மொட்டைமாடி வரை பச்சையாக மூடி வைத்திருந்தார் மனுஷன். உள்ளே நுழைந்ததுமே பேத்தி தரையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். பெரியவர் வீட்டில் அவள் ஒரு நாளும் அப்படிப் படுத்ததில்லை.

பெரியவர் குறை தேடினார். கொடியில் பாம்பு ஏறும் என்றார். வேர் அஸ்திவாரத்தைத் தின்றுவிடும் என்றார். சம்பந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒரு பதியன் போட்டுத் தருகிறேன், நீங்களும் ஏற்றுங்கள் என்றார்.

"எத்தனை நாள்ல சுவரை மூடும்?"

"நாலு வருஷம் ஆகும் சம்பந்தி. இதுவும் அப்படி வந்ததுதான்."

"நாலு வருஷம் கழிச்சு அவளுக்குத் தாத்தாவா வேணும்? செல்போன்தான் வேணும். உங்க குச்சியை நீங்களே வெச்சுக்கங்க. ஓசியில வாங்கிப் பழக்கமில்லை."

அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஆனால் நினைப்பு முழுக்க அந்தச் சுவரில்தான் இருந்தது. பட்டறையில் முப்பது வருடம் இரும்பு வளைத்தவர். தன் மேற்குச் சுவரில் தானே கொக்கி அடித்துக் கம்பி இழுத்தார். சம்பந்தி ஒரு சாண் தள்ளி இழுத்திருந்தால் இவர் ஒன்றரைச் சாண். கம்பி தயார். கொடிதான் இல்லை. நர்சரியில் போய், நாலு வருடம் ஆகாத கொடியாக ஒன்று வேண்டும் என்று கேட்டார். நர்சரிக்காரர் சிரித்து அனுப்பிவிட்டார்.

சிரித்த அதே ஆள், மழைக்காலம் தொடங்கியதும் வண்டியோடு வாசலில் வந்து நின்றார். வண்டியில் ஒரு பெரிய டிரம். டிரம்மில் மண்ணோடு ஓர் அடிமரம், தொடைப் பருமன். மேலே எல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது. பேருக்குக்கூட ஓர் இலை இல்லை.

"செத்ததை என் தலையில கட்டப் பார்க்கறியா?"

"உசிரு வேர்ல இருக்குங்க ஐயா. பழைய வேரு. இடிக்கிற கட்டடத்துலேர்ந்து எடுத்தது. தழைக்கலைன்னா காசே வேணாம்."

காசு வேண்டாம் என்று சொன்னவன் எவனையும் பெரியவர் நம்பியதில்லை. ஆனாலும் நட்டார். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். துளிர்த்த ஒவ்வொரு நுனியையும் கம்பியில் கட்டிவிட்டார். பழைய வேர் என்று அவன் சொன்னது ஒன்றுதான் உண்மைபோல. அடுத்த கோடைக்குள் கொடி மாடியைத் தொட்டுவிட்டது.

பேத்தி வந்தாள். கூடத்துத் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். இந்த லீவு முழுக்க இங்கேதான் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாளே பெரியவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினார். நேரில் சொல்லாவிட்டால் ஜெயித்து என்ன பிரயோஜனம்?

போனவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். அங்கே சுவர் மொட்டையாக இருந்தது. வெறும் கம்பிதான். சம்பந்தி தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கதவு வழியாக அடுப்படி மாதிரி அனல் வந்தது.

"என்ன சம்பந்தி, கொடி பட்டுப்போச்சா?"

"ஆமா, பட்டுப்போச்சு. குழந்தை நல்லாத் தூங்குறாளா?"

"போர்த்திக்கிட்டுத் தூங்குறா." ஒரு வருடமாக வாயிலேயே வைத்திருந்த வார்த்தை. நிதானமாகச் சொன்னார். செடி என்றால் கூடவே நின்று கவனிக்க வேண்டும், எல்லாருக்கும் அது வராது என்று கொசுறாக ஒரு புத்திமதியும் சொன்னார்.

சம்பந்தி தலையாட்டிக்கொண்டே எழுந்தார். தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சம்பந்தியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பட்டும் போகலை, கிட்டும் போகலை அண்ணா. நாலு ஆளை விட்டு, ஒரு நாள் பூரா வேரோட தோண்டி, நர்சரிக்காரர் வண்டியில ஏத்தி உங்க வீட்டுக்கு அனுப்புனதே இவர்தான். நான் குடுத்தா வாங்க மாட்டார், இடிக்கிற கட்டடத்துலேர்ந்து எடுத்ததுன்னு சொல்லுன்னு அந்த ஆளுக்குச் சொல்லிக் குடுத்ததும் இவர்தான்."

பெரியவர் அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பை மாட்டினார். தண்ணீர் வரும்வரை நிற்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

"நம்ம சுவர் பச்சையானது பொறுக்கலை. அதையும் தன்னோடதுங்கறாங்க" என்று முணுமுணுத்தார். "மனுஷனுக்கு இவ்வளவு பொறாமை ஆகாது."