இடம் அடைத்த வரன்கள்

"சி டிரைவ் ரொம்பி வழியுது சார். இதுக்கு மேல ஒரு கடுகு வெக்கக்கூட எடம் இல்ல."

கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து வந்திருந்த திலகவதி இப்படிச் சொன்னதும் பட்டு வியாபாரி பரசுராமனுக்குக் குப்பென்று வியர்த்தது.

மணி மூன்று. ஐந்து மணிக்குள் முந்தானை டிசைன் ஈமெயிலில் வராவிட்டால் முப்பது முகூர்த்தப் புடவை ஆர்டரையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சென்னைக் கடைக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார். டிசைன் தயார். ஆனால் சேவ் பண்ணப் போனால் இடமில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மகன் ஹேமநாத்தோ பட்டு நூல் வாங்க பெங்களூர் போயிருந்தான்.

"ஒரே பேஜாராப் போச்சு. எதுனா பண்ணும்மா, ஜல்தி!"

திலகவதி வேண்டாத ஃபைல்களைத் துடைத்தாள். ஹேமநாத் ஏற்றி வைத்திருந்த இரண்டு கார் பந்தய விளையாட்டுகளைத் தூக்கினாள். அப்போதும் பத்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் திரும்பினாள்.

"சார், டெஸ்க்டாப்ல 'வரன்'னு ஒரு ஃபோல்டர் இருக்குது. அதுதான் முக்கால்வாசி எடத்த அடைச்சிகினு இருக்குது."

"அது எம் பையனுக்குப் பாத்துகினு இருக்கற பொண்ணுங்கம்மா. தரகர் குடுக்கற ஜாதகம், போட்டோ எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வெச்சிட்டு, பேப்பரத் திருப்பிக் குடுத்துடுவான். மொத்தம் நாப்பத்தி மூணு."

"ஒவ்வொண்ணையும் சினிமா போஸ்டர் சைஸுக்கு ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காரு சார். டெஸ்க்டாப்ல வெச்சா அது சி டிரைவ்லதான் போய் உக்காரும். எல்லாத்தையும் டி டிரைவுக்கு மாத்திடட்டுமா?"

"எதுக்கு? ரெண்டு வருசமா சலிக்கணும் சலிக்கணும்னு இருந்தேன். இன்னிக்கே சலிச்சிடலாம். நீ ஒவ்வொண்ணா தொற. நான் வேணான்னா அழிச்சிடு."

பரசுராமன் நாற்காலியை இழுத்துப் போட்டு நீதிபதிபோல உட்கார்ந்தார். முதல் படம் திறந்தது.

"இது வேணாம். சிரிக்கச் சொன்னா முறைக்குது."

திலகவதி அழித்தாள்.

"இது உசரம். எம் பையன் அண்ணாந்து பாத்துகினே குடித்தனம் பண்ணணும். அடுத்தது... ஐயையோ, ஆயில்ய நட்சத்திரம், தொடாத. இது போளூர்ப் பொண்ணா? இவங்க மாமன் எனக்கு ஆகாதும்மா, கல்யாணப் பந்தியில எனக்கு வடை வெக்காம போனவன்."

ஒவ்வொரு வரனும் ஒரு சொடுக்கில் போய்க்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் போனபின் திலகவதி ஒரு ஃபைலின் மேல் அம்புக்குறியை நிறுத்தினாள்.

"இது கலசப்பாக்கம்னு போட்டிருக்குது சார்."

"கலசப்பாக்கமா? தொறக்கவே வேணாம், அழிச்சிடு."

"போட்டோகூட பாக்க வேணாமா சார்?"

"ஊர் பேரே போதும். எங்க பெரியப்பா பையன் அந்த ஊர்லதான் பொண்ணு எடுத்தான். இன்னி வரைக்கும் அவன்தான் பாத்திரம் தேய்ச்சிகினு இருக்கறான்."

அதுவும் போயிற்று. கடைசியில் ஒரே ஒரு வரன் மட்டும் மிஞ்சியது. "இதுதாம்மா பொண்ணு! லட்சணமா இருக்குது பாரு" என்று பரசுராமன் மலர்ந்தார்.

காபியோடு வந்த அவர் மனைவி லீலா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இந்தப் பொண்ணுக்கு வைகாசியிலயே கல்யாணம் ஆயிடுச்சே. நீங்கதான போயி ரெண்டு தடவ பாயசம் வாங்கிக் குடிச்சிட்டு வந்தீங்க?"

பரசுராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, அதையும் அழிச்சிடு."

"அழிச்சதெல்லாம் இன்னும் குப்பைத் தொட்டியிலதான் இருக்குது சார். மனசு மாறினா திரும்ப எடுக்கலாம். அதையும் காலி பண்ணாதான் எடம் கெடைக்கும். ஆனா அப்புறம் ஒண்ணும் திரும்பாது. யோசிச்சிக்கங்க."

"பரசுராமன் மனசு மாறாதும்மா. காலி பண்ணு!"

தொட்டி காலியானது. டிசைன் மறுபேச்சில்லாமல் சேவ் ஆனது. நாலே முக்காலுக்கு ஈமெயில் போய்ச் சேர, சென்னையிலிருந்து போன் வந்தது: "டிசைன் பிரமாதம். தறியில ஏத்திடுங்க."

பரசுராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லீலா அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கிசுகிசுத்தாள்.

"நீங்க அவ்ளோ கத்தியும் அந்தப் பொண்ணு மொகம் சுளிக்கல பாத்தீங்களா? காபி குடுக்கும்போது பேச்சு குடுத்துப் பாத்தேன். அவங்க வீட்லயும் பட்டுத் தறிதான் ஓடுதாம். ஊரெல்லாம் தேடிகினு இருக்கறோம், பொண்ணு நம்ம வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துகினு இருக்குது!"

பரசுராமன் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். திலகவதி விசைப்பலகையைத் துடைத்து, உறையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று பேரில் ஒருத்திகூட இப்படி இல்லை என்று அவருக்குத் தோன்றியது. வெளியே வந்து, குரலில் தேனைக் குழைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, வீட்ல உனக்கு வரன் பாக்கறாங்களா?"

"பாத்துகினு இருக்காங்க சார்."

"அப்படின்னா உன் ஜாதகம், போட்டோ ரெண்டையும் உங்க அப்பாவ எனக்கு அனுப்பச் சொல்லேன். இப்பதான் எடம் தாராளமா இருக்குதே!"

திலகவதி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்பா சித்திரை மாசமே அனுப்பிட்டாரு சார், கலசப்பாக்கத்துல இருந்து. நீங்கதான் தொறக்கவே வேணாம்னுட்டீங்க."