நாலு விரல் இடைவெளி

"கம்பிக்குக் கம்பி நாலு விரல் இடைவெளிதான் இருக்கணும். பூனை கூட நுழையப்பிடாது" என்றார் குமரகுருபரன்.

வெல்டிங் கடையிலிருந்து வந்த இளைஞன் தலையாட்டினான். மூன்று நாளில் ஜன்னலுக்கெல்லாம் கிரில் வைத்துவிட்டான். மிச்சம் வாசல் கேட் ஒன்றுதான்.

"யாருக்கு அண்ணாச்சி இப்படிப் பயப்படுதிய?"

"சீவலப்பேரிக் கொம்பையான்னு ஒரு பய. கத்திக்குத்து கேஸ். குத்துனதைப் பார்த்தேன்னு நான்தான் சாட்சி சொன்னேன். மூணு வருசம் உள்ள போட்டாவ. இப்ப வெளிய வந்துட்டானாம்."

"வந்தா ஆளைத் தெரியுமா?"

"தெரியாம? கோர்ட்டுல கையை நீட்டிக் காட்டுனவம்லா நான்! ஆயிரம் பேருக்கு நடுவுல நின்னாலும் கண்டுபிடிச்சிருவேன்."

அவன் கேட் கம்பிகளைப் பற்றவைக்க ஆரம்பித்தான். குமரகுருபரன் ஜன்னல் கிரில்லைத் தடவிப் பார்த்தார்.

"தொழில் சுத்தமா இருக்கே. எங்கன படிச்ச?"

"சர்க்காரு பள்ளிக்கூடத்துல. சோறும் போட்டுத் தொழிலும் சொல்லிக் குடுத்தாவ. இந்த வேலையையும் அவியதான் வாங்கித் தந்தாவ."

குமரகுருபரன் உள்ளே நிற்க, வெளியே நின்று கேட்டை மாட்டியவன், தாழ்ப்பாளைத் தள்ளிக் கேட்டை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"ஏலே, தாழ்ப்பாளை உள்பக்கம்லா வைக்கச் சொன்னேன்?"

அவன் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்தான்.

"அந்த மூணு வருசத்துலதான் இந்தத் தொழிலைப் படிச்சேன், அண்ணாச்சி. கண்ணால பார்த்தேன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணுனிய. இப்ப மூணு நாளா எதிர நிக்கேன். உங்களுக்கு என்னைய அடையாளம் தெரியலையே!"